படிவத்தில் வருவதைப் படிக்கும் முறை: மதுரை நிரலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்



வலைப் படிவம் ஒன்றில் நிரப்பி அனுப்பப்படும் ஒவ்வொரு மதிப்பும், அனுப்பியவர் சொல்லும் ஒரு கூற்று. அது சரியான வடிவில் இருக்கிறதா, உண்மையா, உரியவரிடமிருந்துதான் வந்ததா என்று முடிவு செய்யும் பொறுப்பு சர்வரில் ஓடும் நிரலுக்கு உரியது. பயனரின் தரவைப் பாதுகாப்பாகப் படிப்பதற்கான விதிகள் எல்லாம் இந்த ஒரு நிலையிலிருந்தே கிளைக்கின்றன.

இதன் கனத்தை அறிய அவனியாபுரம் ஜல்லிக்கட்டே போதும். 2025 பொங்கலையொட்டி நடந்த ஜல்லிக்கட்டுகளுக்கு மதுரை மாவட்ட நிர்வாகம் தன் இணையதளத்தில் பதிவு நடத்தியது. ஜனவரி 6 மாலை 5 மணிக்குத் தொடங்கிய பதிவு மறுநாள் மாலை 5 மணிக்கு முடிந்தது. அந்த ஒரு நாளில் அவனியாபுரத்துக்கு 2,026 காளைகளும் 1,735 வீரர்களும் பதிவாயினர். பாலமேடு, அலங்காநல்லூர் பதிவுகளையும் சேர்த்தால் 12,632 காளைகள், 5,347 வீரர்கள். மூன்று ஊர்களில் ஏதேனும் ஒன்றில் மட்டுமே ஒரு காளை இறங்கலாம் என்பது நிபந்தனை. ஆவணங்கள் சரிபார்க்கப்பட்டவர்களுக்கே டோக்கன். அந்த டோக்கன் கையில் இருந்தாலும், களத்தில் கால்நடை மருத்துவர்கள் காளையை மீண்டும் பரிசோதிக்கிறார்கள். வீரர்களுக்கும் மருத்துவப் பரிசோதனை உண்டு. எழுதிக் கொடுத்ததை மட்டும் நம்பி எந்தக் காளையும் வாடிவாசலில் அவிழ்க்கப்படுவதில்லை. சர்வர் பின்பற்ற வேண்டிய ஒழுங்கும் இதுவே. இத்தகைய பதிவுப் படிவம் ஒன்றை எழுத உட்காரும் நிரலாளரை மனத்தில் வைத்து, செய்ய வேண்டியவை கீழே வரிசையாகத் தரப்படுகின்றன.

முதலில், சர்வருக்கு வரும் கோரிக்கை என்பதற்குள் என்னென்ன அடங்கும் என்ற தெளிவு வேண்டும். திரையில் தெரியும் பெட்டிகள் அதில் ஒரு பகுதி மட்டுமே. வலை முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வரும் மதிப்புகள், கோரிக்கையின் உடல், குக்கீகள், ஹெடர்கள், இணைக்கப்பட்ட கோப்புகள், கோப்புகளின் பெயர்கள், பக்கத்தில் மறைத்து வைக்கப்பட்ட பெட்டிகள் ஆகிய அனைத்தும் வெளியிலிருந்து வருபவை. அனைத்தையும் அனுப்புபவர் விரும்பியபடி மாற்றலாம். அதற்குப் பிரவுசர்கூடத் தேவையில்லை. கர்ல் போன்ற கட்டளைவரிக் கருவி ஒன்று போதும். எனவே ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு பிரவுசரில் செய்யும் சோதனை, நேர்மையான பயனருக்குத் தவற்றை உடனே காட்டும் வசதி. பாதுகாப்புக்கு அது கணக்கில் வராது. அதே சோதனையைச் சர்வரில் மறுபடி செய்தாக வேண்டும்.

ஹெடர்களை யாரும் நிரப்புவதில்லை, அதனால் அவற்றில் ஆபத்தில்லை என்ற எண்ணம் பெரும் விலை கேட்டிருக்கிறது. 2017இல் அமெரிக்காவின் எக்விஃபாக்ஸ் நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரங்கள் திருடு போயின. அங்கு பயன்பாட்டில் இருந்த அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருள், உள்ளடக்க வகையைச் சொல்லும் ஹெடரைக் கையாண்ட விதத்தில் இருந்த ஓட்டையே வழி. அந்த ஓட்டைக்கான திருத்தம் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளியாகியிருந்தும் அங்கு அது பொருத்தப்படவில்லை. 2021 டிசம்பரில் உலகையே உலுக்கிய லாக்4ஜே நூலகத்தின் ஓட்டையிலும், ஹெடரில் அனுப்பிய ஒரு வரி சர்வரின் நிகழ்வுப் பதிவேட்டில் எழுதப்பட்டதே தாக்குதலுக்குப் போதுமானதாக இருந்தது. தன் நிரலைக் காப்பதோடு, தான் நம்பியிருக்கும் நூலகங்களின் திருத்தங்களை உரிய காலத்தில் பொருத்துவதும் நிரலாளரின் கடமை என்பதை இவ்விரண்டும் காட்டுகின்றன.

அடுத்தது, எந்த மதிப்பு எங்கிருந்து வர வேண்டுமோ அங்கிருந்து மட்டும் பெயர் சொல்லி எடுப்பது. பிஎச்பி மொழியின் வரலாறு இதற்கு நல்ல பாடம். அதில் ரெஜிஸ்டர் குளோபல்ஸ் என்ற அமைப்பு இருந்தது. கோரிக்கையில் வரும் ஒவ்வொரு பெயரும் தானாகவே நிரலுக்குள் ஒரு மாறியாக முளைக்கும். நிரலாளர் தொடக்க மதிப்பு தர மறந்த மாறி ஒன்று இருந்தால், அதன் பெயரை முகவரியில் சேர்த்து எவரும் தமக்கு வேண்டிய மதிப்பை ஏற்றிவிடலாம். 2002 ஏப்ரலில் வந்த 4.2.0 பதிப்பில் இது இயல்பாக அணைக்கப்பட்டது; 2012 மார்ச்சில் வந்த 5.4 பதிப்பில் அடியோடு நீக்கப்பட்டது. முகவரியிலும் உடலிலும் குக்கீயிலும் வருபவற்றை ஒரே தொகுப்பாகக் கலந்து தரும் வசதிகள் இன்றும் இருக்கின்றன. அவற்றைத் தவிர்ப்பதே நல்லது. படிவ உடலில் வர வேண்டிய ஊர்ப்பெயரை உடலிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். அங்கே இல்லையென்றால் அது இல்லைதான்.

வருவதை மொத்தமாக எடுத்து அப்படியே தரவுத்தளத்தில் கொட்டும் பழக்கமும் இதே வகைத் தவறு. 2012 மார்ச்சில் எகோர் ஹோமகோவ் என்ற நிரலாளர், கிட்ஹப் தளத்தின் படிவம் எதிர்பாராத ஒரு மதிப்பைக் கூடுதலாக அனுப்பி, ரெயில்ஸ் திட்டத்தின் களஞ்சியத்தில் தாமே எழுதும் உரிமையைப் பெற்றுக் காட்டினார். அடுத்த ஆண்டு வந்த ரெயில்ஸ் 4, அனுமதிக்கப்பட்ட பெயர்களை நிரலாளரே பட்டியலிட வேண்டும் என்ற முறையை இயல்பாக்கியது. காளைப் பதிவுப் படிவத்தின் அட்டவணையில் ‘ஒப்புதல் நிலை’, ‘டோக்கன் எண்’ போன்ற நெடுவரிசைகளும் இருக்கும். அவற்றை அதிகாரியின் செயலும் சர்வரும்தான் நிரப்ப வேண்டும். ஏற்கும் பெயர்களின் பட்டியலை எழுதிவிட்டால், பட்டியலில் இல்லாதது எது வந்தாலும் உள்ளே போகாது.

ஒரே பெயரில் இரண்டு மதிப்புகள் வந்தால் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பிஎச்பியும் ஜாங்கோவும் கடைசி மதிப்பைத் தருகின்றன. ஃபிளாஸ்க் முதல் மதிப்பைத் தருகிறது. எக்ஸ்பிரஸ் இரண்டையும் ஒரு பட்டியலாகத் தருகிறது. முன்னால் நிற்கும் காவல் மென்பொருள் முதலாவதைச் சோதிக்க, பின்னால் இருக்கும் நிரல் கடைசியைப் பயன்படுத்தினால் சோதனையே வீண். 2014இல் பக்ஸில்லா என்ற பிழைக் கண்காணிப்பு மென்பொருளில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டை இதன் மிகத் தெளிவான வடிவம். அது எழுதப்பட்ட பெர்ல் மொழியில் ஒரு மதிப்பு எதிர்பார்க்கப்பட்ட இடத்தில் பட்டியல் வந்துவிட முடிந்தது. பெயர்ப் பெட்டிக்குரிய மதிப்பைப் பலமுறை அனுப்பி, சரிபார்க்கப்பட்ட மின்னஞ்சல் முகவரியின் இடத்தில் வேறொன்றை ஏற்றிவிட முடிந்தது. அந்த முகவரியைப் பொறுத்தே சில உரிமைகள் வழங்கப்பட்டதால் விளைவு கடுமையானது. ஒரு மதிப்பு மட்டும் வேண்டிய இடத்தில் ஒன்றுக்கு மேல் வந்தால், கோரிக்கையையே நிராகரிப்பதுதான் சரி.

மதிப்புகளைப் பார்ப்பதற்கு முன்பே அளவுகளைப் பார்க்க வேண்டும். கோரிக்கையின் மொத்த அளவு, பெட்டிகளின் எண்ணிக்கை, ஒவ்வொரு பெட்டியின் நீளம், ஜேசான் தரவாக இருந்தால் அதன் அடுக்கு ஆழம் ஆகிய எல்லாவற்றுக்கும் உச்சவரம்பு தேவை. 2011 டிசம்பரில் ஜெர்மனியில் நடந்த ஒரு பாதுகாப்பு மாநாட்டில், கவனமாகத் தேர்ந்தெடுத்த பெயர்களை ஆயிரக்கணக்கில் ஒரே கோரிக்கையில் அனுப்பினால் பல மொழிகளின் சர்வர்கள் திணறிப்போகும் என்று விளக்கப்பட்டது. பெயர்களைச் சேமிக்கும் ஹாஷ் அட்டவணையில் எல்லாம் ஒரே இடத்தில் மோதுவதே காரணம். உடனடித் தீர்வாக பிஎச்பி 5.3.9 பதிப்பு, ஒரு கோரிக்கையில் 1,000 மதிப்புகளுக்கு மேல் ஏற்பதில்லை என்ற இயல்பு வரம்பைக் கொண்டுவந்தது. ஒரே நாளில் மூடப்படும் பதிவில், கடைசி ஒரு மணி நேரம் சர்வர் திணறினால் இழப்பு உண்மையான காளைக்காரருக்கு. இந்த வரம்புகள் அவருடைய வாய்ப்பைக் காப்பவை.

அளவு சரியென்றால் அடுத்து வகை. படிவப் பெட்டிகளிலிருந்து வரும் மதிப்புகள் எல்லாம் எழுத்துச் சரங்களே. அவற்றை எண்ணாக, தேதியாக, தேர்வாக மாற்றுவது ஒரே இடத்தில், வெளிப்படையாக நடக்க வேண்டும். ஊர் என்பது மூன்று குறியீடுகளில் ஒன்று. அந்த மூன்றில் இல்லாதது பிழை. வயது ஒரு முழு எண். அதற்குக் கீழ்வரம்பும் மேல்வரம்பும் உண்டு. ‘06-01-2025’ என்பது இங்கே ஜனவரி 6. அமெரிக்க வழக்கப்படி அமைந்த நூலகத்துக்கு அது ஜூன் 1. எனவே தேதியின் வடிவத்தை நிரலிலேயே குறிப்பிட வேண்டும். பதிவு நேரம் முடிந்துவிட்டதா என்பதைச் சர்வரின் கடிகாரமே சொல்ல வேண்டும்; படிவத்தோடு வரும் நேரத்தைப் பார்க்கவே கூடாது. கைபேசி எண், அஞ்சல் குறியீடு, ஆதார் எண் ஆகியவற்றைக் கூட்டவோ பெருக்கவோ போவதில்லை. அவற்றை எழுத்துச் சரமாகவே வைப்பது நல்லது. ஆதார் எண்ணில் 12 இலக்கங்கள். முதல் இலக்கம் 0 அல்லது 1 ஆக இராது. கடைசி இலக்கம் வெர்ஹோஃப் முறையில் கணக்கிட்ட சரிபார்ப்பு இலக்கம். தட்டச்சுப் பிழையைக் கண்டுபிடிக்க இது உதவும். அந்த எண் அனுப்பியவருடையதுதான் என்பதற்கு இது சான்றாகாது.

தமிழ் எழுத்துகள் இந்தக் கட்டத்தில்தான் அதிகம் அடிபடுகின்றன. பாதுகாப்பு என்ற பெயரில் ஆங்கில எழுத்துகளை மட்டும் ஏற்கும் பெயர்ப் பெட்டி, தமிழில் தன் பெயரை எழுதும் ஒருவரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. ‘அவனியாபுரம்’ என்ற சொல் வாசிப்பவருக்கு 7 எழுத்து. யூனிகோடு முறையில் 11 குறியீடுகள். யுடிஎஃப்-8 வடிவில் 33 பைட்டுகள். பைட்டால் அளந்து 30 இடம் ஒதுக்கிய நெடுவரிசையில் இந்த ஊர்ப்பெயர்கூட அடங்காது. நடுவில் வெட்டினால் கடைசி எழுத்து சிதையும். யூனிகோடில் ‘எழுத்து’ வகையை மட்டும் அனுமதிக்கும் விதி எழுதினாலும் தமிழ் தப்பாது. கால், கொம்பு, புள்ளி முதலிய துணைக்குறிகள் ‘குறி’ என்ற தனி வகையில் இருப்பதால், அந்த வகையையும் சேர்த்தே அனுமதிக்க வேண்டும். ‘கொ’ என்பதை ககரத்தோடு ஓர் ஒகரக் குறியாகவும் எழுதலாம். ககரத்தோடு எகரக் கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இவ்விரண்டும் கணினிக்கு வெவ்வேறு. சேமிப்பதற்கு முன் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகும். ‘ஸ்ரீ’ எழுதப்படும் இரு முறைகளை, அதாவது ஸகரத்தில் தொடங்குவதையும் ஶகரத்தில் தொடங்குவதையும், அந்த மாற்றம்கூட ஒன்றாக்காது. பெயரைத் தேடும் நிரல் இதைத் தனியே கவனிக்க வேண்டும். தமிழ் எண்களை பைதான் எண்ணாகவே ஏற்கும், ஜாவாஸ்கிரிப்ட் ஏற்காது. இரண்டும் கலந்த அமைப்பில் எதை ஏற்பது என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். இந்த மண்ணில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்து. இரண்டாம் பெயரைக் கட்டாயமாக்கும் படிவமும், புள்ளியை ஏற்காத படிவமும் மனிதர்களைப் பொய் எழுத வைக்கின்றன.

வடிவத்தைச் சோதிப்பது ஒரு வேலை. ஆபத்தான குறிகளைச் செயலிழக்கச் செய்வது வேறு வேலை. இரண்டையும் நுழைவாயிலிலேயே முடித்துவிடலாம் என்று எண்ணுவது பழைய தவறு. பிஎச்பியில் இருந்த மேஜிக் கோட்ஸ் என்ற வசதி, உள்ளே வரும் ஒவ்வொரு மேற்கோள் குறிக்கும் முன்னால் ஒரு சாய்கோட்டைத் தானாகச் சேர்த்தது. டி'சூசா என்ற பெயர் சாய்கோட்டோடு சேமிக்கப்பட்டு, சாய்கோட்டோடு அச்சிடப்பட்டது. காப்பும் முழுமையாகக் கிடைக்கவில்லை. 5.4 பதிப்பில் அதுவும் நீக்கப்பட்டது. ஒரு குறி ஆபத்தானதா என்பது, அது போய்ச் சேரும் இடத்தைப் பொறுத்தது. ஆகவே பெயரை எழுதியபடியே வைத்துக்கொண்டு, பயன்படுத்தும் ஒவ்வோர் இடத்திலும் அந்த இடத்துக்குரிய காப்பைத் தர வேண்டும்.

தரவுத்தளத்துக்கு உரிய காப்பு, கட்டளையையும் மதிப்பையும் தனித்தனியே அனுப்பும் முறை. கட்டளை வாக்கியத்தில் மதிப்பு வரும் இடத்தைக் காலியாக விட்டுத் தயார் செய்துவிட்டு, மதிப்பைப் பின்னர் இணைக்க வேண்டும். அப்போது மதிப்புக்குள் எது இருந்தாலும் அது கட்டளையாக மாறாது. எஸ்க்யூஎல் ஊடுருவல் என்று இன்று அழைக்கப்படும் தாக்குதலை 1998 டிசம்பரில் ஃபிராக் இதழில் ஜெஃப் ஃபாரிஸ்டல் விவரித்தார். தீர்வு இவ்வளவு காலமாகத் தெரிந்திருந்தும், சரங்களை ஒட்டிக் கட்டளை தயாரிக்கும் நிரல் இன்றும் எழுதப்படுவதற்கு அவசரத்தைத் தவிர வேறு காரணம் இல்லை.

வலைப்பக்கத்துக்கு உரிய காப்பு வேறு. பயனர் எழுதியதைப் பக்கத்தில் காட்டும்போது கோணக் குறிகளையும் மேற்கோள் குறிகளையும் அவற்றுக்கான மாற்றுருவில் எழுத வேண்டும். 2005 அக்டோபரில் மைஸ்பேஸ் தளத்தில் தன் பக்கத்தில் சாமி கம்கார் எழுதிய சிறு நிரல், அதைப் பார்த்தவர்களின் பக்கங்களிலெல்லாம் தன்னைத் தானே ஒட்டிக்கொண்டு, ஒரு நாளுக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளில் பரவியது. பதிவுப் படிவத்தில் இந்த ஆபத்து பெரும்பாலும் அலுவலகப் பக்கம்தான் வெடிக்கும். ஏனெனில் விண்ணப்பங்களைத் திறந்து பார்ப்பவர் ஒப்புதல் தரும் அதிகாரம் உள்ளவர். அதே விண்ணப்பங்களை எக்செல் கோப்பாக இறக்கும்போது இன்னொரு காப்பு தேவை. சமக்குறியில் தொடங்கும் மதிப்பை எக்செல் சூத்திரமாக எடுத்துக்கொள்ளும். கூட்டல் குறியில் தொடங்குவதற்கும் அதே கதி என்பதால், +91 என்று தொடங்கும் நேர்மையான கைபேசி எண்ணும் இதில் சிக்கும். அத்தகைய மதிப்புகளை வெறும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும்படி எழுதித் தர வேண்டும்.

காளையின் படமும் மருத்துவச் சான்றும் கோப்புகளாக வருகின்றன. கோப்பின் பெயரும், அது இன்ன வகை என்ற அறிவிப்பும் அனுப்பியவர் சொல்பவை. பெயருக்குள் இரு புள்ளிகளும் சாய்கோடும் வைத்து வேறு அடைவுக்குள் எழுத முயலலாம். எனவே அந்தப் பெயரை விட்டுவிட்டு, சர்வரே ஒரு புதிய பெயரைச் சூட்ட வேண்டும். வகையைக் கோப்பின் உள்ளடக்கத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். படத்தைத் திறந்து மறுபடி படமாகவே சேமித்தால், உள்ளே ஒளிந்திருக்கும் பிற தரவு பெரும்பாலும் உதிர்ந்துவிடும். கைபேசி படத்துக்குள் பதிந்த இட விவரமும் அப்போது நீக்கப்பட வேண்டும், இல்லையெனில் காளை கட்டியிருக்கும் வீட்டின் இருப்பிடம் படத்தோடு போய்விடும். 2016இல் இமேஜ்மேஜிக் என்ற பட மென்பொருளிலேயே, படக் கோப்பு வழியாகச் சர்வரில் கட்டளை ஓட்டும் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டதால், இந்த மாற்று வேலையைக் குறைந்த உரிமையுள்ள தனிச் செயலியில் நடத்துவது நல்லது. சேமிக்கும் இடம், முகவரி தட்டினால் நேரடியாகத் திறக்க முடியாத அடைவாக இருக்க வேண்டும்.

மதிப்பு சரியாக இருப்பதாலேயே அதைக் கேட்டவருக்கு உரிமை வந்துவிடாது. டோக்கன் பதிவிறக்கும் முகவரியில் 1041 என்ற எண் இருந்தால், அதை 1042 என்று மாற்றிப் பார்க்க எவருக்கும் தோன்றும். அந்த டோக்கன் உள்நுழைந்தவருடையதுதானா என்று ஒவ்வொரு முறையும் பார்க்காத நிரல், அடுத்தவரின் பெயரையும் வீட்டு முகவரியையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துவிடும். ஊகிக்க முடியாத நீண்ட எண் துணை செய்யும். உரிமைச் சோதனையின் இடத்தை அது நிரப்பாது. பதிவை உருவாக்குவதோ ரத்து செய்வதோ போஸ்ட் முறையில் மட்டுமே நடக்க வேண்டும். கெட் முறை பார்ப்பதற்கு மட்டும். வேறு தளத்தில் இருக்கும் ஒரு பக்கம், உள்நுழைந்திருப்பவரின் பிரவுசர் வழியாக அவர் அறியாமல் கோரிக்கை அனுப்புவதைத் தடுக்க, படிவத்தோடு ஊகிக்க முடியாத ஓர் அடையாளத்தை அனுப்பி அது திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு காளை ஓர் ஊரில் மட்டும் என்ற விதியையும் நிரலின் ஒரு ‘இருந்தால்’ வரியோடு விட்டுவிடக் கூடாது. ஒரே நொடியில் இரண்டு கோரிக்கைகள் வந்தால், இரண்டும் ‘முந்தைய பதிவு இல்லை’ என்று பார்த்துவிட்டு இரண்டும் எழுதிவிடக்கூடும். காளையின் அடையாளம் அட்டவணையில் ஒரு முறைக்கு மேல் வரக்கூடாது என்ற கட்டுப்பாட்டைத் தரவுத்தளத்திலேயே வைத்தால், இரண்டாவது கோரிக்கை அங்கே நின்றுவிடும்.

பிழை நேர்ந்தால் பயனருக்கு எந்தப் பெட்டியில் என்ன தவறு என்பதைத் தெளிவான தமிழில் சொல்ல வேண்டும்; அவர் நிரப்பிய மற்றவை அழியாமல் இருக்க வேண்டும். சர்வரின் உள்விவரங்கள் திரையில் வரக்கூடாது. சர்வரின் நிகழ்வுப் பதிவேட்டில் நேரமும் பிழை வகையும் போதும். ஆதார் எண்ணும் கடவுச்சொல்லும் அங்கே போகக்கூடாது. வலை முகவரிகள் பல பதிவேடுகளில் தாமாகவே எழுதப்படுவதால், அத்தகைய விவரங்கள் வலை முகவரியிலும் வரக்கூடாது. கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ஆதார் போதுமான இடத்தில் முழு எண்ணைக் கேட்கவே தேவையில்லை. 2023இன் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்க நியாயமான ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவு. தேவையற்றதைக் கேட்காமல் விடுவதே இவை இரண்டுக்கும் முதல் தயாரிப்பு. சேமிக்காத தரவு திருடு போகாது.

படிவத்தைத் திறப்பதற்கு முந்தைய சோதனையில் இவை எல்லாம் ஒருமுறையாவது அனுப்பிப் பார்க்கப்பட வேண்டும்: தலைப்பெழுத்தோடு தமிழில் எழுதிய பெயர், மேற்கோள் குறி உள்ள பெயர், ஒரே பெட்டிக்கு இரண்டு மதிப்புகள், பட்டியலில் இல்லாத நான்காம் ஊர், கேட்காத ‘ஒப்புதல் நிலை’, அளவுக்கு மிஞ்சிய படம், படம் என்று பெயர் சூட்டிய வேறு கோப்பு, மூடும் நேரத்துக்கு ஒரு நொடி பின் வந்த கோரிக்கை, ஒரே நொடியில் இரண்டு ஊர்களுக்கு அனுப்பிய ஒரே காளை, அடுத்தவரின் டோக்கன் எண். முதல் இரண்டும் எழுதியது எழுதியபடி உள்ளே போக வேண்டும். இரண்டு ஊர்களுக்கு அனுப்பிய காளைக்கு ஒரு பதிவு மட்டுமே நிற்க வேண்டும். மீதி அனைத்தும் காரணம் சொல்லி நிராகரிக்கப்பட வேண்டும். இந்தச் சோதனைகளை நிரலோடு சேர்த்தே எழுதி, நிரலில் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் தானாக ஓடும்படி வைத்தால், அடுத்த ஆண்டு அதே படிவத்தைக் கையில் எடுப்பவருக்கும் அவை காவலாக இருக்கும்.